தீபக் என்று யாரும் இல்லை

2005இல் நான் சேர்ந்த கம்பெனியில் டெஸ்டிங் டீம் என்றால் எட்டுப் பேரும் ஒரு எக்செல் ஷீட்டும். ஷீட்டில் 312 வரிகள். ‘லாகின் பக்கத்துக்குப் போ. பாஸ்வேர்டைத் தப்பாகக் கொடு. சிவப்பு எழுத்தில் பிழை வருகிறதா பார்.’ இப்படி வரிக்கு ஒரு வேலை. வெளிநாட்டு இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றின் வெப்சைட் அது. அந்த ஊர்க்காரர்கள் சிரமமில்லாமல் பாலிசி எடுக்க வேண்டும் என்பதற்காகப் பழைய மகாபலிபுரம் சாலையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் தினமும் நாற்பது ஐம்பது பாலிசி எடுப்போம். எடுத்த கையோடு செத்தும் போவோம், க்ளெய்ம் பக்கத்தைப் பார்க்க வேண்டுமே. இறந்தவர் பெயர்: டெஸ்ட் டெஸ்ட். இறந்த காரணம்: அஅஅஅ.

டெவலப்பர் ஒரு பொத்தானை அரை அங்குலம் நகர்த்தினாலும் 312 வரியையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு ரெக்ரஷன் என்று பெயர். நாலு நாள் ஆகும். மூன்றாம் நாள் மத்தியானத்துக்கு மேல் கண் மட்டும்தான் திரையில் இருக்கும். எக்செலில் ஒரு கட்டத்தில் ‘பாஸ்’ என்று அடித்து, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அடுத்த நாற்பது கட்டமும் பாஸ் ஆகிவிடும் என்று கண்டுபிடித்தவன் எங்கள் டீமில்தான் இருந்தான். எங்கள் முதல் ஆட்டோமேஷன் அதுதான்.

இரண்டாவது ஆட்டோமேஷன் பெட்டியில் வந்தது. மெர்க்குரி இன்டராக்டிவ் கம்பெனியின் குவிக்டெஸ்ட் புரொஃபஷனல், எங்கள் வாயில் க்யூடிபி. நாம் ஒருமுறை செய்து காட்டினால் அதைப் பதிவு செய்துகொண்டு தானே திரும்பச் செய்யும். எழுதுவது விபிஸ்கிரிப்ட்டில். விலை எங்கள் எட்டுப் பேர் சம்பளத்தைவிட அதிகம் என்று சொல்லிக்கொண்டார்கள். அதனால் எட்டுப் பேருக்கு இரண்டே லைசன்ஸ் வாங்கினார்கள். மூன்றாவது ஆள் திறந்தால் லைசன்ஸ் சர்வர் வெளியே தள்ளிவிடும். காலை பத்து மணிக்கு எங்கள் பகுதியில் ஒலித்த முதல் வாசகம், “யார்டா லைசன்ஸைப் பிடிச்சு வச்சிருக்கிறது?” சாப்பிடப் போகும்போது மூடாமல் போனவனுக்கு அன்றைய டீ செலவு.

பகலில் வரிசை என்பதால் முழு ஓட்டத்தையும் ராத்திரி போடுவது என்று முடிவானது. அங்கே ஒரு சிக்கல். க்யூடிபி ஓட வேண்டுமானால் திரை விழித்திருக்க வேண்டும். டூல் பக்கத்துக்குள் தட்டுவதை விண்டோஸ் ஆள் தட்டுவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பதினைந்து நிமிடம் மவுஸ் அசையவில்லையென்றால் பூட்டிவிடும். பூட்டியதும் ஓட்டம் செத்துவிடும். பூட்டும் விதியைத் தளர்த்த ஐடி ஆட்கள் மறுத்துவிட்டார்கள், கிளையன்ட் பாதுகாப்பு என்றார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய தானியங்கி டூல் கிட்டத்தட்ட மூலையில் கிடந்தது.

தீர்வு எங்கள் மாடியிலேயே இருந்தது. ராத்திரி செக்யூரிட்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் அண்ணாச்சி. எப்படியும் ரவுண்டு வருவார். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி அந்த மெஷின் பக்கத்தில் போட்டோம். “அண்ணாச்சி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ இதை லேசா ஆட்டி விட்ருங்க, போதும்.” அவர் மவுஸைக் கையில் எடுத்து, ஆட்டி, வைத்தார். “எலிக்குத் தூக்கம் வராமப் பாத்துக்கணும். அவ்வளவுதானே தம்பி?”

அவ்வளவேதான். இரண்டு வாரம் ஓட்டம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் வாரம் ஒரு நாள் காலை எல்லாம் பாஸ். எங்கள் லீட் மேடம் மட்டும் நெற்றியைச் சுருக்கினார். ஒரே ஒரு டெஸ்ட், வழக்கமாக மூன்று நிமிடத்தில் முடிவது, அன்று பத்தொன்பது நிமிடம் எடுத்திருந்தது. வாசலில் ஷூ மாற்றிக்கொண்டிருந்த அண்ணாச்சியைக் கேட்டோம்.

“ஆமா மேடம். நடுராத்திரி அது அப்படியே நின்னு போச்சு. ஒரு டப்பா வந்து ஏதோ கேட்டுச்சு. கொஞ்ச நேரம் பாத்தேன், அதுவா போகல. தீபக் வேணுமான்னு கேக்குது. இங்க தீபக்னு யாரும் இல்லையே, ‘நோ’ குடுத்துட்டேன். அப்புறம் ஓட ஆரம்பிச்சிருச்சு.”

எங்களுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட்டில் பிழை வந்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 ஒரு பெட்டியை நீட்டி, ‘டீபக்’ செய்யலாமா என்று கேட்கும். எஸ், நோ என்று இரண்டு பொத்தான். அண்ணாச்சி நோ கொடுத்ததும் பக்கம் பிழையை விழுங்கிக்கொண்டு மேலே போயிருக்கிறது. டெஸ்ட்டும் பாஸ் ஆகிவிட்டது. பாஸ் செய்தது டூலா, அண்ணாச்சியா என்று டீமில் ஒரு வாரம் பட்டிமன்றம் நடந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. மேடம் அவருடைய செக்யூரிட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். கண்டக்டர் கையெழுத்து, பிசிறில்லாமல் இருந்தது: ‘2.40 மணி. கம்ப்யூட்டர் நின்றது. தீபக் கேட்டது. லைன் 187 என்று போட்டிருந்தது. நோ கொடுத்தேன். 2.56க்கு ஓடியது.’ டெவலப்பர் 187ஆம் வரியைத் திறந்தார். பிழை அங்கேயே இருந்தது, குறிப்பிட்ட ஒரு வகை பாலிசிக்கு மட்டும் பிரீமியம் கணக்கைத் தொடாமல் தாண்டிப் போகும் பிழை. அடுத்த மாதம் வரை தினமும் காலையில் மேடம் முதலில் படித்தது டூலின் ரிப்போர்ட்டை அல்ல, அந்த நோட்டை.

இதற்கிடையில் உலகம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. 2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் கம்பெனியில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், உள்ளுக்குள் பயன்பட்ட நேர-செலவுக் கணக்கு அப்ளிகேஷனைச் சோதிக்க ஒரு டூல் எழுதினார். பெயர் செலினியம். பாதரச நஞ்சுக்கு செலினியம் மருந்து என்று அவர் அடித்த ஜோக்கிலிருந்து வந்த பெயர். மெர்க்குரி என்றால் பாதரசம், போட்டிக் கம்பெனியின் பெயர். ரசவாதம் பேசிய சித்தர்கள் பிறந்த மண்ணில் இந்த நையாண்டி எங்களுக்கு உடனே பிடித்திருக்க வேண்டும். ஆனால் எங்களைக் கவர்ந்தது ஜோக் அல்ல, செலினியம் இலவசம் என்பது. லைசன்ஸ் யாரிடம் இருக்கிறது என்ற கூச்சல் ஒரே மாதத்தில் அடங்கியது. 2006இல் மெர்க்குரியை ஹெச்பி வாங்கியபோது எங்கள் பக்கத்தில் அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

இலவசத்துக்கும் விலை இருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தானைச் சுட்டிக்காட்ட, எக்ஸ்பாத் என்று ஒரு முகவரி கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுத்த முகவரி இப்படி: பாடிக்குள் இரண்டாவது டேபிள், அதில் நாலாவது வரிசை, அதில் மூன்றாவது கட்டம், அதிலிருக்கும் இணைப்பு. பிள்ளையார் கோயிலைத் தாண்டி இடது பக்கம் நாலாவது வீடு என்று கடிதத்தின் மேல் எழுதுவது மாதிரி. நடுவில் ஒருவர் ஒரு மாட்டுக்கொட்டகை போட்டால் போதும், கடிதம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். டெவலப்பர்கள் வாரத்துக்கு மூன்று கொட்டகை போட்டார்கள்.

பக்கம் மெதுவாக வந்தால் என்ன செய்வது? தூங்கச் சொன்னோம். ஐந்து விநாடி தூங்கு, பிறகு கிளிக் செய். அது போதவில்லையென்றால் இன்னொரு ஐந்து. ஒருநாள் பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 1,320 தூக்கம். கூட்டினால் ஓட்டம் ஒன்றுக்கு 1 மணி 50 நிமிடம், டூல் வெறுமனே கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியே ராத்திரியில் அவ்வளவு தூங்கியதில்லை.

அதன் பிறகு வந்த வருடங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 2011இல் செலினியத்தோடு வெப்டிரைவர் என்ற இன்னொரு டூல் சேர்ந்து இரண்டாம் பதிப்பு வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அது ஓட ஜூம் சரியாக 100 சதவீதம் இருக்க வேண்டும். கண் மங்கிய சீனியர் ஒருவர் 125 வைத்துவிட்டுப் போனதற்காக ஒரு நாள் முழுக்கத் தேடினோம். குரோம் வந்தது, ராத்திரியோடு ராத்திரியாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. காலையில் வந்து பார்த்தால் குரோம் ஒரு எண், அதை ஓட்டும் குரோம்டிரைவர் வேறு எண், மொத்த டெஸ்ட்டும் சிவப்பு. 2017இல் குரோம் திரையே இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்டது. திரை இல்லையென்றால் பூட்டுவதற்கும் ஒன்றும் இல்லை, எலியை ஆட்டவும் ஆள் வேண்டாம். அண்ணாச்சி வேலை பார்த்த அந்தக் கட்டடத்தை நாங்கள் அதற்கு முன்பே காலி செய்துவிட்டோம்.

இப்போது நான் இருப்பது சின்ன கம்பெனி. கடைக்காரர்களுக்குத் தமிழிலேயே பில் போட ஒரு வெப்சைட். டெஸ்ட்டுக்குப் பிளேரைட், 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. நிறுவ ஒரு வரிக் கட்டளை. குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றையும் தானே இறக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் பெட்டி வந்து, லைசன்ஸ் சர்வர் ஏறி, முதல் டெஸ்ட் ஓட இரண்டு வாரம் ஆனது. இதில் டீ ஆறுவதற்குள் ஓடியது. முகவரியும் சொல்ல வேண்டியதில்லை, ‘சேமி’ என்ற பொத்தான் என்றால் கண்டுபிடித்துக்கொள்ளும். தூங்கவும் சொல்ல வேண்டியதில்லை, பொத்தான் வந்து அமுக்கத் தயாராகும் வரை தானே காத்திருக்கும். ஒரு டெஸ்ட் தோற்றால் ‘டிரேஸ்’ என்று ஒன்றைச் சேமித்து வைக்கச் சொல்லலாம். திறந்தால் கிரிக்கெட் ரீப்ளே மாதிரி ஒவ்வொரு படியும், கிளிக்குக்கு முன் பக்கம் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது, நேரம் எவ்வளவு என்று அத்தனையும் இருக்கும். அண்ணாச்சியின் நோட்டுதான், படத்தோடு.

கிளவுடில் முதல் ஓட்டம் போட்ட அன்று எல்லாம் பச்சை. சந்தோஷத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள். அந்த லினக்ஸ் பெட்டியில் தமிழ் எழுத்துரு ஒன்றுகூட இல்லை. எழுத்து உள்ளே சரியாக இருக்கிறது, ஆகவே டெஸ்ட் பாஸ். கண் இருந்தால்தானே கட்டம் தெரியும்? நோட்டோ தமிழ் எழுத்துருவை ஏற்றிய பிறகுதான் தமிழ் தமிழாகத் தெரிந்தது.

நேர்மாறாகவும் நடந்தது. மளிகைக் கடைப் பொருள் பட்டியலில் ஒரு டெஸ்ட் சிவப்பு. எதிர்பார்த்தது: கொத்தமல்லி. கிடைத்தது: கொத்தமல்லி. தோல்வி. எழுத்தை எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன், பக்கத்து சீட் பையனையும் படிக்கச் சொன்னேன். “ப்ரோ, இது டூலுக்குக் கிறுக்கு” என்றான். கிறுக்கு இல்லை. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகப் போடலாம். இல்லை, கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல் ஒருவிதம், கடைக்காரர் போனில் அடிப்பது இன்னொரு விதம். தேடினால் கொத்தமல்லி கிடைக்காது, கொண்டைக்கடலையும் கிடைக்காது. அந்த எட்டுப் பேரும் எட்டு வருடம் உட்கார்ந்திருந்தாலும் திரையைப் பார்த்து இதைப் பிடித்திருக்க மாட்டோம். டூலுக்கு அன்று மனதாரக் கும்பிடு போட்டேன்.

ஆனால் டூல் அப்படிப் பேசும் மொழியை நாங்கள் மறந்துகொண்டே வந்திருக்கிறோம். முன்பெல்லாம் ஒரு கட்டம் சிவப்பானால் ஐந்து பேர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார்கள். இப்போது சிவப்பைப் பார்த்ததும் வரும் ஒரே வார்த்தை, “ஃப்ளேக்கியா இருக்கும், ரீ-ரன் போடு.” ஃப்ளேக்கி என்றால் ஒரு நாள் தேறி ஒரு நாள் தேறாத டெஸ்ட். நெட் மெதுவாக இருந்திருக்கும், சர்வர் தடுமாறியிருக்கும். பிளேரைட் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்கும் அமைப்பிலேயே, கிளவுடில் ஓடும்போது தோற்ற டெஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு வாய்ப்பு என்று போட்டிருக்கும். அரியர் வைத்துத் தேறிய எங்கள் தலைமுறைக்கு அதில் தப்பே தெரியவில்லை.

ராத்திரி ஓட்டத்தை நான்தான் அமைத்தேன், பழைய பழக்கத்தில் 2 மணிக்கு. எங்கள் டெஸ்ட்டை ஓட்டும் கிட்ஹப்பின் கால அட்டவணையில் அப்போது உலகப் பொது நேரம்தான் செல்லுபடியானது. ஆகவே ஐந்தரை மணி நேரத்தைக் கழித்து 20.30 என்று என் கையாலேயே எழுதினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு டெஸ்ட் தினமும் சிவப்பானது. ஒரு பில் போட்டு, ‘இன்றைய பில்கள்’ பக்கத்தில் அது இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட். மூன்று வாய்ப்பிலும் தோற்கும். காலை ஒன்பதரைக்கு முதலில் வருபவர் ரீ-ரன் போடுவார், பச்சையாகிவிடும். ‘ராத்திரியில சர்வர் தூங்கி வழியும் ப்ரோ’ என்று ஒரு விளக்கம் எங்கிருந்தோ வந்தது, எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். டிரேஸ் தினமும் சேமிக்கப்பட்டது. தினமும் யாரும் திறக்கவில்லை. காபி மெஷினை ஆன் செய்வது, ஜன்னலைத் திறப்பது, ரீ-ரன் போடுவது. மூன்று மாதம்.

மூன்றாம் மாதம்தான் கோயம்பேட்டில் எங்களுக்கு முதல் வாடிக்கையாளர் கிடைத்தார். காய்கறி மொத்த வியாபாரி. பத்து நாள் கழித்து போன் செய்தார்.

“சார், உங்க சாஃப்ட்வேருக்கு விடியறது எத்தன மணிக்கு?”

“ஏன் சார்?”

“ராத்திரி லாரி வந்து ரெண்டு மணிக்கு நான் போடற பில்லெல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காருது. அஞ்சரைக்கு மேல போட்டா சரியா வருது. எங்களுக்கு அஞ்சரைக்கு வியாபாரமே பாதி முடிஞ்சிரும்.”

போனைக் கீழே வைக்கும் முன்பே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் சர்வர் இருப்பது மும்பையில், அதன் கடிகாரம் ஓடுவது கிரீன்விச் கணக்கில். இங்கே நள்ளிரவு தாண்டி ஐந்தரை வரை அதற்கு இன்னும் நேற்றுதான். அதுவரை இருந்த ஜவுளிக்கடை, ஹார்டுவேர் கடைக்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் பில் போடவில்லை. போட்டது ஒரே ஒரு ஆள், எங்கள் டெஸ்ட். ராத்திரி 2 மணிக்கு எழுந்து, ஒரு பில் போட்டு, ‘இன்று 14ஆம் தேதி, இந்தப் பக்கம் 13 என்கிறது’ என்று படம் பிடித்து வைத்துவிட்டு, தினமும் காத்திருந்திருக்கிறது. நாங்கள் ஒன்பதரைக்கு வந்து, இரண்டு கடிகாரமும் ஒரே தேதியைக் காட்டும் நேரத்தில், மறுபடி ஓடவிட்டு வாயை அடைத்திருக்கிறோம்.

திருத்தம் ஒரே ஒரு வரி. வியாபாரியின் பத்து நாள் பில்லைத் தேதி மாற்றி நகர்த்த மட்டும் ஒரு சனிக்கிழமை போனது.

ரீ-ரன் பொத்தானை யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு அமுக்கினார்கள் என்பதை கிட்ஹப் குறித்து வைத்திருக்கும். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 61 தடவை. அதில் 23 என் பெயரில் இருக்கிறது.